கசகசாச் செடியும் கடன் கணக்கும்: ஹெல்மண்ட் பள்ளத்தாக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஆப்கானிஸ்தானின் தெற்கே ஹெல்மண்ட் மாகாணத்தில் கோதுமைக்கும் அபின் தரும் கசகசாச் செடிக்கும் விதைப்புப் பருவம் ஒன்றுதான்: அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. குளிர்காலத்துக்கு மாவும் எண்ணெயும் தேயிலையும் வாங்கிப் போட வேண்டிய நேரமும் அதுவே. 2022-இல் தடை வரும்வரை, கையில் காசில்லாத வாரக் குடியானவர், அதாவது பிறர் நிலத்தில் விளைச்சலில் ஒரு பங்குக்கு உழைப்பவர், அப்போது அபின் வியாபாரியிடம் போவார். வியாபாரி நிலப் பத்திரம் கேட்கமாட்டார். கேட்டாலும் குடியானவரிடம் கிடையாது. எத்தனை ஜெரிப் கசகசா போடப் போகிறாய், வாய்க்காலில் தண்ணீர் வருமா, போன ஆண்டுக் கணக்கு தீர்ந்ததா என்று மட்டும் விசாரித்துவிட்டு, வரும் அறுவடையில் இத்தனை 'மன்' அபின் தர வேண்டும் என்று பேசி முன்பணத்தை எண்ணிக் கொடுப்பார். ஒரு ஜெரிப் என்பது ஹெக்டேரில் ஐந்தில் ஒரு பங்கு. தெற்கு மாகாணங்களில் ஒரு மன் என்பது நாலரைக் கிலோ. அப்படி முன்கூட்டி விற்ற அபினுக்குப் பேசப்படும் விலை, அறுவடைக் காலத்தில் சந்தையில் நிற்கும் விலையில் ஏறக்குறையப் பாதி. இந்த ஏற்பாட்டுக்கு அங்கே சலாம் என்று பெயர். வணக்கம் சொல்லும் சலாம் வேறு. இது இஸ்லாமிய வணிகச் சட்டம் 'ஸலம்' என்று அனுமதிக்கும் முன்பண விற்பனையின் பெயரில் நடக்கும் கடன்.

பாதி விலைக்கு விளைச்சலை எழுதிக் கொடுக்கும் ஒருவரைப் பார்த்து, இவர் லாப ஆசையில் போதைப் பயிர் வைக்கிறார் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கோதுமையைவிடக் கசகசா பல மடங்கு வருமானம் தருகிறது என்பது உண்மை. ஆனால் உலகின் மிதவெப்ப நாடுகள் பலவற்றில் இந்தச் செடி வளரும். எங்கே வளர்த்தாலும் கள்ளச் சந்தையில் விலை உண்டு. அப்படியிருந்தும் அது ஆண்டுக்கணக்கில் நிலைகொண்டது ஆப்கானிஸ்தான், மியான்மரின் ஷான் மலைப்பகுதி போன்ற ஓயாப் போர் மண்டலங்களில்தான். லாபம் மட்டும் காரணமென்றால் இந்த நிலப்படம் விளங்காது. போர் குலைத்துப்போட்ட வங்கி, சாலை, சந்தை, கூலிவேலை, நிலத்தைக் குத்தகைக்குப் பெறும் வழி ஆகிய எல்லாவற்றின் வேலையையும் இந்த ஒரு பயிர் தன் தலையில் ஏற்றுக்கொண்டது என்று கொண்டால்தான் விளங்கும். அதை ஹெல்மண்டின் ஏறக்குறைய எண்பது ஆண்டு அனுபவத்தை வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வு.

வாய்க்கால் வந்த காலம்

1946-இல் ஆப்கன் அரசு மாரிசன்-நுட்சன் என்ற அமெரிக்கக் கட்டுமான நிறுவனத்தை அழைத்து, ஹெல்மண்ட், அர்கந்தாப் ஆறுகளின் பாசனத் திட்டத்தை ஒப்படைத்தது. 1950களின் தொடக்கத்தில் அர்கந்தாப் ஆற்றில் தஹ்லா அணையும் ஹெல்மண்ட் ஆற்றில் கஜகி அணையும் எழுந்தன. போக்ரா கால்வாய் வெட்டப்பட்டது. நாத் அலி, மார்ஜா ஆகிய பொட்டல் வெளிகளில் நாடோடிக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தி, ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தார்கள். பொறியாளர்களும் அவர்கள் குடும்பங்களும் தங்கிய லஷ்கர் கா நகரத்துக்குக் 'குட்டி அமெரிக்கா' என்றே பெயர் விழுந்தது. திட்டம் குறையில்லாதது அன்று. வடிகால் போதாமல் பல இடங்களில் நீர் தேங்கியது, மண்ணில் உப்புப் பூத்தது. இருந்தும் 1970களில் இந்தப் பள்ளத்தாக்கு கோதுமையும் பருத்தியும் விளைந்த பூமி. விதையும் உரமும் கடனும் தர ஓர் அரசு அலுவலகம், பருத்தியை எடுத்துக்கொள்ள ஓர் அரசு ஆலை, காந்தஹார் வழியாக எல்லை தாண்டிப் போகும் ஒரு சாலை எல்லாம் இருந்தன. கசகசா அப்போதும் மலையடிவார ஊர்களில் கொஞ்சம் இருந்தது. பொருளாதாரத்தைத் தாங்கும் அளவில் இல்லை.

1970களில் வெளியுலகில் ஒரு மாற்றம் நடந்தது. துருக்கி 1972-இல் கசகசாப் பயிரைத் தடைசெய்து, இரண்டே ஆண்டில் தடையை நீக்கி, காயைக் கீறாமல் முழுதாக அரசே வாங்கிக்கொள்ளும் முறைக்கு மாறியது. 1979-இல் புரட்சி அரசு வந்த ஈரானிலும், அதே ஆண்டு சட்டம் கொண்டுவந்த பாகிஸ்தானிலும் அபின் விளைச்சலுக்குத் தடை விழுந்தது. வாங்குவோர் குறையவில்லை, விளைவிக்கும் இடங்கள் சுருங்கின. அதே 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயல். அந்தத் தற்செயல் இல்லாமலிருந்தால் இந்தக் கதை வேறு நாட்டில் நடந்திருக்கவும் கூடும்.

குண்டு விழுந்த நிலத்தில் எது விளையும்

கிளர்ச்சியாளருக்குச் சோறு போடும் ஊர்களை வெறுமையாக்குவது சோவியத் படையின் போர்முறைகளுள் ஒன்று. மலையடியிலிருந்து மண்ணுக்கடியில் நீர் கொண்டுவரும் கரேஸ் சுரங்கங்கள் இடிந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன, வயல்களில் கண்ணிவெடி புதைக்கப்பட்டது. 1980களின் முடிவில் சுமார் 60 லட்சம் பேர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாக இருந்தார்கள். போருக்கு முன் அந்த நாடு உலகச் சந்தைக்கு அனுப்பிய முதன்மையான பொருள்களில் உலர்திராட்சையும் மாதுளையும் பாதாமும் உண்டு. மாதுளை நட்டுப் பலன் காணச் சில ஆண்டு காத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு இந்த ஊரில் இருப்போமா என்றே தெரியாதவர் மரம் நடுவதில்லை. நட்டுக் காய்த்தாலும், காந்தஹாரிலிருந்து பாகிஸ்தானின் குவெட்டாவுக்குப் பழம் ஏற்றிய லாரி வழியில் ஒரு சாவடியில் இரண்டு நாள் நின்றால் சரக்கு குப்பைக்குத்தான் போகும்.

அபினுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஆறேழு மாதத்தில் பணம் வந்துவிடும். ஓர் ஆண்டு விளைச்சலைக் கழுதை முதுகில் ஏற்றி மலைப்பாதையில் கொண்டுபோய்விடலாம். உலர்த்திப் பொதிந்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. விற்பதற்கு ஊரைவிட்டு வெளியே போக வேண்டியதுகூட இல்லை, வியாபாரி வாசலுக்கே வருவார். குளிர்பதனக் கிடங்கோ, தரச் சான்றிதழோ, ஏற்றுமதி உரிமமோ அதற்குத் தேவையில்லை. சாலையும் சட்டமும் இல்லாத இடத்துக்கென்றே செய்த சரக்கு போல அது இருந்தது.

படைத்தலைவரின் வரவு செலவு

உழவருக்கு இருந்த காரணத்தைப் போலவே துப்பாக்கி வைத்திருந்தவருக்கும் ஒரு காரணம் இருந்தது. வடக்கு ஹெல்மண்டை 1980களின் தொடக்கத்தில் தன் கைக்குள் கொண்டுவந்த முல்லா நசீம் அகுந்த்ஸாதா, அபின் விளைவிக்க அனுமதி உண்டு என்று மார்க்கத் தீர்ப்புச் சொன்னவர். ஊர்தோறும் நிலத்தில் இவ்வளவு பங்கு கசகசா போட வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார் என்றும், முன்பணமும் அவர் வழியாகவே வந்தது என்றும் அக்காலச் செய்திகள் கூறுகின்றன. சோவியத்தை எதிர்த்த கிளர்ச்சிப் படைகளுக்கு ஆயுதம் அமெரிக்காவிலிருந்தும் சவூதியிலிருந்தும் பாகிஸ்தான் வழியாக வந்தது. ஆனால் அது பெஷாவரில் இருந்த கிளர்ச்சிக் கட்சித் தலைமைகளின் கையில் பிரிந்து, எஞ்சியதுதான் தெற்கே எட்டியது. சொந்த வரவு வைத்திருப்பவர் அந்தத் தலைமைகளுக்குக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பிற்பாடு அமெரிக்க உதவிப்பணம் கிடைக்கும் என்ற உறுதியின்பேரில் நசீம் தன் பகுதியில் கசகசாவை நிறுத்தவும் செய்தார். 1990-இல் பெஷாவரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சொன்ன பணமும் வந்து சேரவில்லை. அடுத்த பருவத்தில் ஹெல்மண்டில் மறுபடியும் கசகசா பூத்தது.

1991-இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் காபூல் அரசு, கிளர்ச்சியாளர் ஆகிய இரு தரப்புக்கும் ஆயுதம் கொடுப்பதை நிறுத்த ஒப்புக்கொண்டன. வெளியிலிருந்து வந்த பணம் நின்றபோது, நாடெங்கும் இருந்த நூற்றுக்கணக்கான படைத்தலைவர்கள் தத்தம் ஆட்களுக்குச் சோறுபோட வழி தேடினார்கள். சோதனைச் சாவடி வசூல், கடத்தல், அபின் ஆகியவையே கைக்கு எட்டிய வழிகள். 1980-ஐ ஒட்டிச் சுமார் 200 டன்னாக இருந்த நாட்டின் அபின் விளைச்சல், 1994-இல் 3,400 டன்னைத் தொட்டது; 1999-இல் 4,500 டன்னைத் தாண்டியது. வெளிநாட்டு உதவியில் ஓடிய ஒரு போர், உதவி நின்றபின் நிற்காமல் உள்ளூர்ப் பயிரில் ஓடத் தொடங்கியது என்று இந்த ஏற்றத்தைப் படிக்கலாம்.

வயலுக்குள்ளே

இனி வயலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன படைத்தலைவர் கணக்கைவிட இதுதான் பலரும் தவறவிடும் பகுதி.

இதழ் உதிர்ந்து காய் முற்றியதும் கீறல் தொடங்கும். பிற்பகலில், சிறு மரக்கட்டையில் மூன்று நான்கு கத்தி முனைகளைப் பதித்த நிஷ்தர் என்ற கருவியால் ஒவ்வொரு காயையும் தோல் மட்டும் கிழியும்படி கீறுவார்கள். ஆழம் கூடினால் பால் காய்க்குள்ளேயே இறங்கிவிடும். குறைந்தால் வெளியே வராது. இரவெல்லாம் கசிந்து பழுப்பேறித் திரண்ட பாலை மறுநாள் விடியலில் வழித்தெடுக்க வேண்டும். ஒரே காயைச் சில நாள் இடைவெளியில் பல முறை கீறலாம், அது வற்றும்வரை. இதை எந்திரம் செய்யாது. ஒரு ஹெக்டேர் கோதுமைக்குச் சுமார் 40 ஆள்நாள் உழைப்பு போதும் என்றால், ஒரு ஹெக்டேர் கசகசாவுக்கு ஏறக்குறைய 350 ஆள்நாள் தேவை என்று அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பக்கத்து மாகாணங்களிலிருந்தும் எல்லைக்கு அப்பாலிருந்தும் கூலிக்காரர்கள் வந்து இறங்குவார்கள். கூலி பெரும்பாலும் அபினாகவே: வழித்ததில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கும், வேளைச் சாப்பாடும். தாலிபான் படை தன் ஆண்டுத் தாக்குதலை அறுவடை முடிந்தபிறகே முடுக்கிவிடும் என்பதைப் பிற்காலத்தில் அங்கிருந்த வெளிநாட்டுப் படையினர் அறிந்திருந்தார்கள். சண்டைக்காரர்களும் கூலிக்குக் கீறப் போயிருப்பார்கள்.

இந்த 350 ஆள்நாளில்தான் நிலமில்லாதவரின் வாழ்வு தொங்கியது. கோதுமை போட நிலக்காரருக்கு ஆள் வேண்டாம். தன் பிள்ளைகளை வைத்தே அறுத்துவிடுவார். கசகசா போட்டால் ஆள் வேண்டும், ஆகவே வாரத்துக்கு விடுவார். அவர் நிலமும் தண்ணீரும் தர, உழைப்பைக் கொடுக்கும் குடும்பத்துக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கோ அதை ஒட்டியோ கிடைக்கும். பங்கைவிடப் பெரிது, அந்த நிலத்தின் ஓரத்தில் ஒரு மண்வீடும், கொஞ்சம் காய்கறி போட இடமும், வாய்க்கால் தண்ணீரும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பதே. அந்தக் குடும்பம் கசகசாவைக் கைவிட்டால் பயிர் மட்டும் போவதில்லை, குடியிருப்பும் கடன் வாங்கும் தகுதியும் சேர்ந்தே போகின்றன. பயிரின் மற்ற பாகங்களும் வீணாவதில்லை. உலர்ந்த தண்டு குளிர்கால விறகு, விதை எண்ணெய்க்கு. அபினைச் சேமிப்பாகவும் வைப்பார்கள். கல்யாணம், நோய், ஆள் சாவு என்று வரும்போது ஒரு கட்டியை எடுத்து விற்பார்கள். பண நோட்டின் மதிப்பு ஆட்சிக்கு ஆட்சி மாறிய நாட்டில், நம்பிப் பெட்டிக்குள் வைக்க முடிந்தது அதைத்தான். பாரசீகத்தில் அபினுக்குத் தரியாக் என்று பெயர். நஞ்சு முறிக்கும் மருந்தைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது.

நம் வீட்டுக் குருமாவில் அரைத்துவிடும் கசகசா இதே செடியின் விதைதான் என்பதை இங்கே சொல்லாமல் கடக்க முடியவில்லை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களில் உழவர்கள் மத்திய அரசின் உரிமத்தோடு இதே காயைக் கீறிப் பாலெடுத்து அரசுக்கே கொடுக்கிறார்கள். நிலத்தை அரசு அளக்கிறது, அபினை அரசு எடைபோடுகிறது, விலையை அரசு நிர்ணயிக்கிறது. கசிவு அங்கும் உண்டு. ஆனாலும் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோர் மாவட்டத்து உழவர் படைத்தலைவருக்கு வரி கட்டுவதில்லை, பாதி விலைக்குச் சலாம் எழுதிக் கொடுப்பதுமில்லை. செடி ஒன்றுதான், அதை அளப்பவர் யார், வாங்குபவர் யார் என்பதே வேறுபாடு.

2000: ஒரு தடையும் ஒரு கடனும்

2000 ஜூலையில், அப்போது நாட்டின் பெரும்பகுதியை ஆண்ட தாலிபானின் தலைவர் முல்லா உமர் கசகசா விதைப்பைத் தடைசெய்தார். தடை மீறப்படவில்லை. முந்தைய ஆண்டு 82,000 ஹெக்டேராக இருந்த பரப்பு 2001-இல் சுமார் 8,000 ஹெக்டேராகச் சுருங்கியது. எஞ்சியதில் பெரும்பகுதி தாலிபானின் கைக்கு அப்பாற்பட்ட வடகிழக்கில் இருந்தது. விளைச்சல் 3,276 டன்னிலிருந்து 185 டன்னாக விழுந்தது. போதை ஒழிப்பின் வரலாற்றிலேயே இவ்வளவு வேகமான வெற்றி இல்லை என்று அப்போது பேசப்பட்டது.

அதே ஆண்டை வாரக் குடியானவரின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, விலை நிலவரம் உண்மையானது. ஒருவர் கிலோவுக்கு 15 டாலர் வீதம் முன்பணம் வாங்கி, இரண்டு மன், அதாவது 9 கிலோ அபின் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கைக்கு வந்தது 135 டாலர். வழக்கமான ஆண்டில் களத்து விலை 30 டாலர் என்றால், அவர் 270 டாலர் சரக்கைக் கொடுத்துக் கணக்கை முடிப்பார். வட்டி நூற்றுக்கு நூறு. நம் ஊர்க் கந்துவட்டிக்காரரே தயங்கும் வட்டி. ஆனால் முடிந்துவிடும். தடை ஆண்டில் களத்தில் அபின் இல்லை, கடனோ அபினாக எழுதப்பட்டிருக்கிறது. களத்து விலை கிலோ 300 டாலரை ஒட்டி ஏறிவிட்டது. 9 கிலோவை வாங்கிக் கொடுக்க 2,700 டாலர் வேண்டும். கொடுக்க முடியாதவரின் கடனை வியாபாரி அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பார், எடையைக் கூட்டி எழுதிக்கொண்டு. அந்த எடையைத் தீர்க்க இந்தப் பூமியில் ஒரே வழிதான் உண்டு: அடுத்த பருவத்தில் இன்னும் கூடுதலாகக் கசகசா போடுவது.

பரப்பு குறைந்த அதே ஆண்டில் கசகசாமேல் இருந்த சார்பு கூடியது என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் ஆதாரம். இன்னொரு பக்கம், கிடங்கில் பழைய சரக்கு வைத்திருந்த வியாபாரிகளுக்கும் அவர்களிடம் வரி வாங்கியவர்களுக்கும் பத்து மடங்கு விலையேற்றம் கிடைத்தது.

2001 அக்டோபரில் அமெரிக்கக் குண்டுவீச்சு தொடங்கியது. தாலிபான் ஆட்சி நவம்பரில் சரிந்தது. அது விதைப்பு மாதம். தடை போட்டவர்கள் ஓடிக்கொண்டிருந்த அதே வாரங்களில் உழவர்கள் விதை தூவிக்கொண்டிருந்தார்கள். 2002-இல் பரப்பு 74,000 ஹெக்டேர், விளைச்சல் 3,400 டன்.

இருபது ஆண்டு, எண்ணூறு கோடி டாலர்

இதன்பின் வந்த இருபது ஆண்டுகளை விரிவாக எழுதினால் ஒரு நூலாகும். 2002 முதல் 2017 வரை அமெரிக்கா மட்டும் ஆப்கன் போதைப்பொருள் ஒழிப்புக்கு 862 கோடி டாலர் செலவிட்டதாக அந்நாட்டின் தணிக்கை அமைப்பான சிகார் கணக்குக் காட்டியது. அதே 2017-இல் கசகசாப் பரப்பு 3,28,000 ஹெக்டேர், விளைச்சல் 9,000 டன். அதுவரை காணாத உச்சம். இடையில் 2007-இல் அபின் ஏற்றுமதியின் மதிப்பு 400 கோடி டாலர் என்றும், அது நாட்டின் சட்டப்படியான உற்பத்தி மதிப்பில் 53 விழுக்காட்டுக்கு ஈடு என்றும் ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் மதிப்பிட்டது. அந்த 400 கோடியில் உழவருக்குப் போனது 100 கோடி மட்டுமே. மீதி வியாபாரிக்கும் கடத்துபவருக்கும் வழிவிட்ட அதிகாரிக்கும் சாவடியில் நின்றவருக்கும் பிரிந்தது.

அரசு என்று எதைச் சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2005-இல் ஹெல்மண்ட் மாகாண ஆளுநரின் அலுவலக வளாகத்தில் 9 டன் அபின் கண்டெடுக்கப்பட்டது. அவர் முன்சொன்ன நசீமின் குடும்பத்தில் வந்தவர். அது பறிமுதல் செய்து வைத்த சரக்கு என்றார். பிரிட்டன் வற்புறுத்தியதால் பதவி போனது. பதவி போனபின் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் தன் ஆட்கள் 3,000 பேர் தாலிபான் பக்கம் போய்விட்டதாகப் பின்னர் அவரே ஒரு பேட்டியில் சொன்னார். ஒரே ஆட்கள், ஒரே துப்பாக்கிகள். சம்பளம் வரும் திசை மாறியதும் அவர்கள் நின்ற பக்கம் மாறியது.

இரண்டு தடைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது ஹெல்மண்டுக்கு வெளியே, கிழக்கே நங்கர்ஹார் மாகாணத்தில் நடந்தது. 2004-இல் அங்கே 28,000 ஹெக்டேருக்கு மேல் கசகசா இருந்தது. ஆளுநரின் கட்டளையால் 2005-இல் அது 1,100 ஹெக்டேருக்குக் கீழே வந்தது. ஜலாலாபாத் நகரைச் சுற்றி, வாய்க்கால் தண்ணீரும் பக்கத்திலேயே சந்தையும் இருந்த ஊர்களில் மக்கள் வெங்காயம், வெண்டைக்கு மாறினார்கள். குடும்பத்தில் ஒருவர் நகரத்தில் கூலிக்குப் போனார். ஸ்பின் கர் மலையடிவாரத்தில், சிறு துண்டு நிலமும் பெரிய குடும்பமும் கொண்ட அச்சின், கோக்யானி போன்ற பகுதிகளில் அதற்கு வழியில்லை. ஆட்டையும் மாட்டையும் விற்றார்கள், ஆண்கள் பாகிஸ்தானுக்குக் கூலி தேடிப் போனார்கள், சலாம் கடனைத் தீர்க்க முடியாத சில வீடுகளில் சிறுமிகளைக் கடன் கொடுத்தவர் வீட்டுக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். 2007-இல் அந்த மாகாணத்தில் கசகசா மறுபடியும் 18,000 ஹெக்டேரைத் தாண்டியது.

இரண்டாவது ஹெல்மண்டின் கால்வாய்ப் பகுதியில் 2008-இல் தொடங்கிய 'உணவு மண்டலம்' என்ற திட்டம். கோதுமை விதையும் உரமும் மலிவாகக் கொடுத்து, கசகசா போட்டால் அழித்துவிடுவோம் என்று எச்சரித்து, படைகளைக் குவித்தார்கள். 2008-இல் 1,03,000 ஹெக்டேராக இருந்த மாகாணப் பரப்பு 2010-இல் 65,000 ஆனது. 2010 பிப்ரவரியில் பெரும் சண்டைக்குப் பிறகு கைப்பற்றப்பட்ட மார்ஜாவும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அமெரிக்கப் படையினர் அங்கே தவழ்ந்து கடந்த வாய்க்கால்கள் அறுபது ஆண்டுக்கு முன் அவர்கள் நாட்டுப் பொறியாளர்கள் போட்ட திட்டத்தில் வெட்டப்பட்டவை. கோதுமைக்கு மாறிய நிலக்காரர்களுக்கு ஆள் தேவைப்படவில்லை. வெளியேற்றப்பட்ட வாரக் குடும்பங்கள் எங்கே போயின? போக்ரா கால்வாயின் வடக்கே, யாருக்கும் பட்டா இல்லாத பாலைக்குப் போயின. ஆழ்குழாய்க் கிணறு தோண்டி, டீசல் பம்பு வைத்து, கிணற்றுக் கடனை அடைக்க முழுப் பரப்பிலும் கசகசா போட்டார்கள். சில ஆண்டுகளில் டீசலின் இடத்தைச் சூரியத் தகடுகள் பிடித்தன. ஒரு முறை செலவு, பிறகு எரிபொருள் காசு இல்லை. வீட்டு வாசலில் வரிசையாகத் தகடுகளும் ஒரு நீர்த்தொட்டியும் என்பது அந்தப் பாலையின் அடையாளமானது. கால்வாய்க்குள் பயிரை ஒழித்த அதே திட்டம் கால்வாய்க்கு வெளியே அதை விரித்தது. 2013-இல் மாகாணப் பரப்பு மறுபடியும் 1,00,000 ஹெக்டேர். நிலத்தடி நீர் மட்டம் கீழே போய்க்கொண்டிருப்பது தனிக் கவலை.

2022-க்குப் பின்

தாலிபான் மறுபடியும் ஆட்சிக்கு வந்து, 2022 ஏப்ரல் 3-ஆம் தேதி அதன் தலைவர் ஹிபதுல்லா அகுந்த்ஸாதாவின் ஆணையால் தடை வந்தது. கையில் அப்போது நின்ற பயிரை அறுக்க விட்டார்கள். அடுத்த விதைப்பிலிருந்து கடுமையானார்கள். 2022-இல் நாடெங்கும் 2,33,000 ஹெக்டேர் இருந்த கசகசா 2023-இல் 10,800 ஹெக்டேர் ஆனது. நாட்டு விளைச்சலில் பாதிக்கு மேல் கொடுத்துவந்த ஹெல்மண்டில் ஆயிரம் ஹெக்டேரைக்கூட எட்டவில்லை. செயற்கைக்கோள் படத்தில் பள்ளத்தாக்கு முழுக்கக் கோதுமைப் பச்சை. அபின் விற்று உழவர்கள் பெற்ற வருமானம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடியாக விழுந்தது. ஒரு ஹெக்டேர் கோதுமை 770 டாலர் தந்த ஆண்டில், ஒரு ஹெக்டேர் கசகசா 10,000 டாலர் தந்திருக்கும்.

தடை இம்முறை நீடிக்கிறது: 2024-இல் 12,800 ஹெக்டேர், 2025-இல் 10,200. நாட்டின் பெரும்பகுதியில் போட்டிப் படை ஏதும் இல்லாததும், கட்டளை கீழ்வரை ஒரே கையில் இருப்பதும் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்; கசகசாவைத் தாங்கி நின்ற காரணங்களில் ஒன்று, துப்பாக்கி பல கைகளில் இருப்பது, இப்போது குறைந்திருக்கிறது. மற்றக் காரணங்கள் அப்படியே கிடக்கின்றன. வடகிழக்கே, வயல் சிறியதும் மலை உயர்ந்ததுமான படாக்‌ஷானில் 2024 மே மாதம் பயிரை அழிக்க வந்தவர்களை மக்கள் மறித்தார்கள், உயிர்ப்பலி நேர்ந்தது. ஆப்கானிஸ்தானில் பரப்பு சுருங்கிய 2023-இல், 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் உள்நாட்டுப் போர் முற்றிய மியான்மர் 1,080 டன் விளைச்சலோடு உலகின் முதல் இடத்துக்கு வந்தது.

தடைக்குப் பின் அபினின் விலை ஏறியது. 2023 ஆகஸ்டில் கிலோ 408 டாலர், அதன்பின் இன்னும் மேலே. 2022 முடிவில் நாட்டில் 13,200 டன் சரக்கு இருப்பில் இருந்ததாகவும், 2027 வரை வெளித்தேவைக்கு அது ஈடுகொடுக்கக்கூடும் என்றும் ஐ.நா. அலுவலகம் கணித்தது. இருப்பில் பெரும்பகுதி பெரிய வியாபாரிகளின் கையில். சில ஜெரிப் சொந்தமாக வைத்திருந்த நிலக்காரரின் வீட்டிலும் பழைய ஆண்டுகளின் கட்டிகள் கொஞ்சம் கிடக்கும். அவர் அதைச் சிறுகச் சிறுக விற்றுக்கொண்டு கோதுமை பயிரிடுகிறார். வாரக் குடியானவரின் வீட்டில் ஒன்றும் இல்லை. அவருடைய பங்கு ஒவ்வோர் ஆண்டும் களத்திலேயே, முந்தைய அக்டோபரில் பேசிய பாதி விலைக்கு, வியாபாரியின் தராசில் ஏறிவிட்டிருந்தது.